ஒட்டகப் பாடத்தின் மிச்சம்

பொன்வரப்புப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மூக்கு மூடித் திறக்க ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு. நேரம் இவ்வளவு கணக்காகத் தெரியக் காரணம், அந்த நேரத்துக்குத்தான் சிமெண்ட் ஆலைச் சங்கு ஊதும். சங்கு ஊதினால் புகைக்கூண்டு ஒரு தடவை செருமிக்கொண்டு ஊர்மேல் தூசைத் துப்பும். அன்றைக்கும் துப்பியது. ஆய்வுக்கு வந்த மேலதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தபடி கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொள்ள, தலைமையாசிரியர் பழமலை சார் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அமலோற்பவம் டீச்சர் "ஒட்டகத்தின் மூக்கு..." என்று எடுத்துக்கொடுக்க, அறுபத்திரண்டு பிள்ளைகளும் "மணற்காற்றில் மூடிக்கொள்ளும்!" என்று மூன்றாம் தடவை சேர்ந்து கத்தி முடிக்கவும், அறுபத்திரண்டு மூக்குகளும் சுருக்குப்பை வாய் மாதிரி மெல்லச் சுருங்கி, கோடாகி, மூடிக்கொண்டன. தூசு அடங்கியதும் திறந்தன. அவ்வளவுதான். மேலதிகாரி கைக்குட்டையை எடுத்துவிட்டு, "கற்றல் விளைவு மிக நன்று" என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டார்.

அமலோற்பவம் டீச்சர் கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் பாதியிலேயே அவளைத் திட்டத் தொடங்கிவிடுகிறார்கள். பதினோரு வருஷமாக ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவள், பொத்தான் அறுந்த சட்டைக்குப் பொத்தான் தைத்துவிடுகிறவள், பேன் பார்த்துவிடுகிறவள், காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துத் தன் டிபன் டப்பாவைத் திறந்துகொடுக்கிறவள். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் அவளும் மற்ற வாத்தியார்களைப் போலத்தான்: விசிட் என்ற சொல்லைக் கேட்டால் மற்றதெல்லாம் மறந்துபோகும். விசிட் வருகிறது என்று தெரிந்தால் பத்து நாளைக்கு முன்னாலேயே ஒரே ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுத்து, மற்ற எல்லாப் பாடத்தையும் மூடி வைத்துவிட்டு, அந்த ஒன்றையே காலையும் மாலையும் பிள்ளைகள் வாயில் போட்டு இடித்து இடித்து மாவாக்குவது அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம். டீச்சர் முதல் பாதியைச் சொல்ல வேண்டும், பிள்ளைகள் மறுபாதியைச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு வரியும் மூன்று தடவை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை எல்லாம் ஒரே கூடம், நடுவில் வெறும் தட்டிதான் என்பதால் ஐந்தாம் வகுப்புக்கு நடத்துவதை ஒன்றாம் வகுப்பும் சேர்ந்து கத்தும்.

இந்தத் தடவை எடுத்துக்கொண்டது "விலங்குகளின் தகவமைப்பு". புத்தகத்தில் அது இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் ஒட்டகம், பனிக்கரடி, மீன், பச்சோந்தி எல்லாம் கலர் படத்தோடு இருந்தன. இரண்டாவது பக்கத்தில் படம் இல்லை. எந்த விலங்கும் தானாக நினைத்து மாறிக்கொள்வதில்லை, பிறந்தவற்றில் எதற்குத் தற்செயலாய் மூக்கு மூடியதோ அது பிழைத்தது, மூடாதது குட்டி போடுமுன்னே செத்தது, இப்படியே எத்தனையோ லட்சம் வருஷம் செத்துச் செத்துத்தான் இன்றைய ஒட்டகம் வந்தது என்று நீளமாக எழுதியிருந்தது. டீச்சர் அதை ஒரு தடவை படித்துப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு நாக்குப் புரளாது என்று தோன்றியது. பக்கத்தை மடித்துவிட்டு, "இது பரீட்சைக்கு வராது" என்று சொல்லி, அதற்குப் பதிலாகச் சொந்தமாய் ஒரு வரி செய்து போட்டாள். "தேவை வந்தால் உடம்பு... தானாய் மாறிக்கொள்ளும்!" கத்துவதற்கு அவ்வளவு வாகான வரி. பிள்ளைகள் கபடி ஆடும்போதுகூட அதைத்தான் பாடிக்கொண்டு போனார்கள்.

விசிட்டுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு, எந்தப் பதிவேட்டிலும் ஏறாத வழக்கம். விடை தெரியாமல் மாட்டிக்கொள்ளும் பிள்ளையை, திக்குகிற பிள்ளையை, நடுவில் எழுந்து ஏதாவது கேட்டு மானத்தை வாங்குகிற பிள்ளையை அன்றைக்கு மட்டும் கண்ணில் படாத இடத்தில் உட்காரவைத்துவிடுவது. இந்தத் தடவை அப்படி ஒரே ஒரு பிள்ளைதான் இருந்தாள். ஐந்தாம் வகுப்புக் கனிஷ்கா. படிப்பில் ஒன்றும் மட்டமில்லை. ஆனால் நெஞ்சுச் சளியோடு பத்து நாள் வீட்டில் கிடந்ததால் ஒரு வரியும் தெரியாது, அதோடு இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓட்டைத் தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருமல். டீச்சர் அவள் தலையைத் தடவி, "கண்ணு, நீ சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால விறகு கிட்டப் போய் உக்காந்துக்க. நான் கூப்புடுற வரைக்கும் வராத, என்ன?" என்றாள். கனிஷ்கா தலையாட்டிவிட்டுப் போனாள்.

டீச்சர் கூப்பிட மறந்துவிட்டாள்.

மேலதிகாரி பாராட்டினார், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார், போட்டோ எடுத்தார்கள், பழமலை சார் சந்தோஷத்தில் எல்லோருக்கும் கடலைமிட்டாய் வாங்கிக்கொடுத்தார், நாலு மணிக்கு மணி அடித்தது. அப்போதுதான் டீச்சருக்குச் சுருக்கென்று நினைவு வந்து ஓடிப்போய்ப் பார்த்தால், விறகுக்கட்டு, அதன்மேல் உட்கார்ந்திருந்த பிள்ளை, பிள்ளையின் தலைமுடி, இமை, பாவாடை மடிப்பு எல்லாம் ஒரே வெள்ளையாய் இருந்தன. காலையிலிருந்து ஊதிய சங்கு அத்தனைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். "முடிஞ்சிருச்சா டீச்சர்?" என்று கேட்டாள். டீச்சர் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்து, கைப்பையில் இருந்த இரண்டு கடலைமிட்டாயையும் அவள் கையில் திணித்தாள். பஸ்ஸில் போகும்போது, மிட்டாய் கொடுத்தோமே, மிட்டாய் கொடுத்தோமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனாள்.

மூக்கு விஷயத்தை ஊர் எடுத்துக்கொண்ட விதம்தான் கேட்கத் தகுந்தது. முதல் இரண்டு நாள், பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது சொம்புத் தண்ணீர் பட்டால் மூக்கு தானாக மூடுவதைப் பார்த்து அம்மாக்கள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அப்படித்தானா என்று விசாரித்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அது மாரியம்மன் கொடுத்த வரம் என்று ஒரு தெருவும், ஊசி போட்டதால் வந்த வினை என்று ஒரு தெருவும் பிரிந்து நின்றன. அடுத்த வாரம் இரண்டு தெருவும் சேர்ந்து பொங்கல் வைத்தன. பிள்ளைகள் வீட்டில் போய் அந்த வரியை ஓத ஓத, தொட்டிலில் கிடந்த சின்னதுகளுக்கும் மூக்கு மூடக் கற்றுக்கொண்டது. ஒட்டகத்துக்கு மாதிரி இமைமுடி இரட்டை வரிசையாய் முளைக்கத் தொடங்கியதும் பெண்பிள்ளைகளுக்கு மை தீட்ட இரண்டு மடங்கு நேரம் ஆகிறதென்று அம்மாக்கள் பெருமையாய் அலுத்துக்கொண்டார்கள். மூக்குக் குத்தும் ஆசாரி, மடல் மூடினால் திருகு இடிக்கிறது என்று ஒரு நூல் மேலே தள்ளிக் குத்த ஆரம்பித்தார். அதுவே புது மோஸ்தர் ஆகி, கல்யாணமான பெண்கள்கூட வந்து மேலே தள்ளிக் குத்திக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரர் இருமல் மருந்துப் பாட்டில்களைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பினார். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் பிள்ளையைக் கூப்பிட்டு, "ஏய், மாமாவுக்கு மூடிக் காட்டு" என்பார்கள். பிள்ளை மூடிக் காட்டும். மாமா பாக்கெட்டில் கைவிடுவார். வகுப்பில் சங்கு ஊதினால் கூடம் முழுக்க மூக்கு மூடிக்கொண்டு கப்பென்று அடங்கிவிடும், டீச்சர் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள், திறந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

பெரியவர்கள் யாருக்கும் வரவில்லை. அதைப் பற்றி யாரும் குறைப்படவுமில்லை. "நாம மூக்குல துண்டக் கட்டியே காலத்த ஓட்டியாச்சு, புள்ளைங்களுக்கு விடிஞ்சுதே, அது போதும்" என்றார்கள். அவர்கள் அப்படிச் சொன்னதில் பொய் இல்லை. எத்தனை பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஊர் அது.

இது ஆலைக்குத் தெரியாமல் இருக்குமா? மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊரே திரண்டு சாலையில் உட்கார்ந்து வாங்கியது இரண்டு விஷயம்: தினம் மூன்று தடவை தண்ணீர் லாரி வந்து சாலையை நனைக்க வேண்டும், சுண்ணாம்புக்கல் லாரிகள் தார்ப்பாய் போட்டுத்தான் ஊருக்குள் போக வேண்டும். அந்த இரண்டும் இருந்ததால்தான் தூசு பாதியாய் இருந்தது. ஆலையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார், பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துப் பார்த்தார், கன்னத்தைத் தட்டினார், பஞ்சாயத்துத் தலைவர் கொளஞ்சியிடம் மெதுவாய்ப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட வாசலில் பந்தல் போட்டு விழா. ஒவ்வொரு பிள்ளைக்கும் பையும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார்கள். அமலோற்பவம் டீச்சரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். கொளஞ்சி மைக்கைப் பிடித்து, "புள்ளைங்களுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே, அப்புறம் தண்ணி லாரி எதுக்கு, தார்ப்பாய் எதுக்கு? அதுக்குப் பதிலா நம்ம கோயிலுக்கு மதில் கட்டித் தர்றேன்னு சொல்றாங்க. என்னப்பா சொல்றீங்க?" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு காகிதம் வந்தது. பள்ளி மாணவர் அனைவரும் நலமாக உள்ளனர், தூசால் பாதிப்பு ஏதுமில்லை என்று அதில் இருந்தது. பழமலை சார் கையெழுத்துப் போட்டார். டீச்சர் பேனாவை வாங்கினாள். அந்த நேரம் பந்தலின் கடைசியிலிருந்து அந்த இருமல் கேட்டது. அவளுக்கு அது யாருடையது என்று தெரியும். அனைவரும் என்ற சொல்லின்மேல் கண் ஒரு நிமிஷம் நின்றது. தோளில் பொன்னாடை, எதிரில் இருநூறு முகம், பக்கத்தில் பழமலை சார் "போடுங்க டீச்சர், வெயிலாவுது" என்கிறார். போட்டாள்.

அன்றையிலிருந்து தண்ணீர் லாரி வரவில்லை. தார்ப்பாய் கழன்றது. ஒரே வாரத்தில் ஊர்க்கோழிகள் எல்லாம் ஒரே நிறமாயின. பிள்ளைகள் அந்த வெள்ளையில் உருண்டு புரண்டு விளையாடினார்கள். கனிஷ்கா மட்டும் வீட்டுக் கதவை அடைத்து, கதவிடுக்கில் ஈரச்சாக்கைச் செருகி, உள்ளே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

அவளுடைய அம்மா அஞ்சுகம் ஆலையிலேயே சாக்கு கட்டும் இடத்தில் கூட்டிப் பெருக்குகிறவள்; புருஷன் திருப்பூரில். ஊர் அவளைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. முன்பெல்லாம் "பாவம், புள்ளைக்கு இப்புடி இழுக்குதே" என்றவர்கள் இப்போது, "எல்லாப் புள்ளைக்கும் வந்துச்சு, ஒம் புள்ளைக்கு மட்டும் என்ன கேடு?" என்றார்கள். இருமல் இப்போது நோய் இல்லை, படிப்பு ஏறாததன் அடையாளம். கூடப் படிக்கும் பிள்ளைகள், வாத்தியார் சொன்னதை ஒழுங்காய்க் கேட்காதவள் என்று அவளைத் தள்ளி உட்காரவைத்தார்கள். ஒருநாள் அஞ்சுகம் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"டீச்சரம்மா, எம்மேல கோவப்படாதீங்க. அந்த ஒட்டகப் பாடத்த இன்னொரு தடவ எம் புள்ளைக்கு நடத்துங்க. அன்னிக்கு இவ வகுப்புல இல்லியாமே?"

டீச்சர் கையிலிருந்த புத்தகத்தை மூடினாள்.

"எங்கடி போன அன்னிக்கு? இத்தினி புள்ளையும் உக்காந்து படிக்கிறப்ப நீ மட்டும் எங்க போய்த் தொலஞ்ச?" என்று அஞ்சுகம் பிள்ளையைப் பிடித்து உலுக்கினாள்.

கனிஷ்கா டீச்சரை ஒருதரம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்து, "வெளையாடப் போயிட்டேம்மா" என்றாள்.

பளார் என்று ஒரு அறை. இன்னொன்று. "அடிக்காத அஞ்சுகம், விடும்மா, சின்னப்புள்ள" என்றாள் டீச்சர். அவ்வளவுதான் சொன்னாள். நான்தான் அனுப்பினேன் என்று இரண்டு சொல்; அந்த இரண்டு சொல்லைச் சொல்ல வாயில்லாமல், அடிக்காத விடும்மா என்று ஊரார் வீட்டுச் சண்டையை விலக்குகிற மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அஞ்சுகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போன பிறகு, கன்னத்தில் விரல் பதிந்த பிள்ளை டீச்சர் பக்கத்தில் வந்து, இருமலுக்கு நடுவில், ரகசியமாய், "நான் சொல்லல டீச்சர். சொன்னா சார் உங்களத் திட்டுவாரு" என்றாள்.

அமலோற்பவம் டீச்சருக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பூமி எங்கே பிளக்கிறது, அதற்கென்ன வேலையில்லையா. அவள் பிள்ளையை உட்காரவைத்துப் பாடத்தை நடத்தினாள். காலையில் நடத்தினாள், மத்தியானம் நடத்தினாள், மற்ற பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து எல்லோரையும் சேர்த்துக் கத்தவைத்தாள். கூடமே அதிர்ந்தது. கனிஷ்கா வாயைத் திறந்து கூடவே சொல்லத்தான் செய்தாள். "மணற்காற்றில் மூடிக்கொள்ளும்" என்றாள். மூக்கு அசையவில்லை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அவள் நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"டீச்சர், மூக்கு மூடத் தெரியாத ஒட்டகம் என்ன ஆச்சு?"

கேட்ட குரலில் துடுக்கு ஒன்றுமில்லை. அது மட்டும் தெரிந்தால் மீதி வரியைச் சொல்லிவிடுவேன் என்பது மாதிரி, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். டீச்சருக்கு விடை தெரியும். மடித்துவைத்த பக்கத்தில் எட்டாவது வரி. அதை இந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? பாவி மனசு பழகிய வழியிலேயே போயிற்று.

"அது பரீட்சைக்கு வராது கண்ணு" என்றாள்.

கனிஷ்கா தலையாட்டினாள். ஆனால் அதற்குப்பிறகு அந்த வரியைச் சொல்லும்போதெல்லாம் அவள் கண் அந்த இன்னொரு ஒட்டகத்தையே தேடிக்கொண்டிருப்பது டீச்சருக்குத் தெரிந்தது. அதனால்தான் அவளுக்கு ஏறவில்லை. கேள்வி கேட்காதவர்களுக்குத்தான் அந்தப் பாடம் உடம்பில் ஏறும் போலிருக்கிறது, என்ன பாடமோ.

ஐப்பசி பிறந்து மூன்றாம் வாரம் கனிஷ்காவைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எட்டு நாள் வைத்திருந்தார்கள். டாக்டர், இந்தப் பிள்ளையை அந்த ஊரில் வைத்துக்கொள்ளாதீர்கள், அடுத்த தடவை இழுத்தால் தாங்காது என்று சொல்லி அனுப்பினார். எங்கே கொண்டுபோவாள் அஞ்சுகம்? வேலை இங்கே, வீடு இங்கே. அவள் கொளஞ்சியிடம் போய், அந்தத் தண்ணி லாரியையாவது திரும்ப விடச் சொல்லுங்க தலைவரே என்று கேட்டாள். அவர் கோபப்படவில்லை. சாந்தமாகவே சொன்னார்: "ஒரு புள்ளைக்காக ஊர மாத்த முடியுமா அஞ்சுகம்? புள்ளைய மாத்தப் பாரு." மதில் பாதி எழுந்திருந்தது.

டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனாள். பிள்ளையைத் தன்னோடு ஜெயங்கொண்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தாள். கூட்டிக்கொண்டு போனால் ஏன் என்று ஊர் கேட்கும், கேட்டால் சொல்ல வேண்டிவரும் என்று நினைத்தாள். வீடு சின்னது, மாமியார் ஒரு மாதிரி என்று காரணம் கண்டுபிடித்தாள். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்க மூச்சு வாங்கும் பிள்ளையைப் பார்த்ததும் அத்தனை காரணமும் வெட்கப்பட்டு ஓடிவிட்டன. கனிஷ்கா அவளைப் பார்த்துச் சிரித்தாள். "டீச்சர், நான் வந்ததும் திரும்பச் சொல்லிக்குடுங்க. இந்தத் தடவ கேள்வி கேக்க மாட்டேன்" என்றாள்.

பிள்ளை ஊருக்கு வந்த மறுநாள் வியாழக்கிழமை. டீச்சர் கூடத்துக்குள் வந்ததும் நடுவில் இருந்த தட்டிகளை ஒவ்வொன்றாய் மடித்துச் சுவரோரம் சாய்த்தாள். அறுபத்திரண்டு பிள்ளைகளும் ஒரே கூட்டமாய் அவளைப் பார்த்தன. கனிஷ்காவையும் அஞ்சுகத்தையும் ஆள் விட்டு வரவழைத்திருந்தாள்; இருவரும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்கள். பழமலை சார், "என்ன டீச்சர், எதாச்சும் விசிட்டா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"இல்ல சார். ஒரு பாடம் பாக்கி இருக்கு."

அவள் அஞ்சுகத்தைப் பார்த்துத்தான் ஆரம்பித்தாள், பிள்ளைகளைப் பார்த்து இல்லை. "அன்னிக்கு ஒம் பொண்ணு வெளையாடப் போகல அஞ்சுகம். இருமல் சத்தம் விசிட்டுக்கு இடைஞ்சல்னு நான்தான் வெளிய அனுப்புனேன். கூப்புடவும் மறந்துட்டேன். சாயங்காலம் வரைக்கும் அந்த விறகு மேலயே உக்காந்திருந்தா. நீ அடிச்சப்பவும் நான் வாயத் தொறக்கல." அஞ்சுகம் பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை பாவாடை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

பிறகு டீச்சர் புத்தகத்தைப் பிரித்து மடித்த பக்கத்தை நீவிவிட்டாள். பிள்ளைகள் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்து தயாராய் உட்கார்ந்தன. "யாரும் கூடச் சொல்ல வேணாம்" என்றாள். "கேட்டா மட்டும் போதும். நான் சொன்னது தப்பு. தேவை வந்தா உடம்பு தானா மாறாது. மூக்கு மூடத் தெரியாத ஒட்டகமும் பொறந்துச்சு, நெறையப் பொறந்துச்சு. அதெல்லாம் செத்துப்போச்சு. அம்மா பக்கத்துலயே நின்னு மூச்சு முட்டிச் செத்துப்போச்சு. இப்ப படத்துல நிக்குதே, அது செத்ததுங்களுக்கு நடுவுல மிஞ்சினது." ஜன்னல் மேடையில் பிள்ளைகள் காட்டிலிருந்து பொறுக்கிவந்து குவித்திருந்த சுருள்சுருளான சங்குக் கற்களில் ஒன்றை எடுத்துக் காட்டினாள். "நம்ம ஊரு எப்பவோ கடலா இருந்துச்சு. இதெல்லாம் அந்தக் கடல்ல உசுரோட இருந்துச்சு. கடல் போனப்ப இதுவும் தானா மாறல, செத்துப் படிஞ்சு கல்லாச்சு. அந்தக் கல்லத்தான் அங்க வெட்டி அரைக்கிறாங்க. ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க. ஒட்டகத்து மேல பாலைவனத்த யாரும் லாரில கொண்டாந்து கொட்டல. இங்க கொட்றாங்க. நிறுத்தச் சொன்னா நிறுத்த முடியும்."

"டீச்சர்!" என்றார் பழமலை சார். "என்ன பேசுறீங்க, போதும்."

சங்கு ஊதியது. பதினொன்றேகால். புகைக்கூண்டு செருமியது, தார்ப்பாய் இல்லாத லாரி ஒன்று வாசலைக் கடந்தது, திறந்த ஜன்னல் வழியே வெள்ளை உள்ளே வந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பையன் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். மூடவில்லை. பக்கத்தில் இருந்தவள் அவன் மூக்கைப் பார்த்துவிட்டுத் தன் மூக்கைத் தொட்டாள். முதலில் ஒன்று இருமியது, பிறகு மூன்று, பிறகு பத்து, பிறகு கூடமே இருமியது. மூன்று மாதம் இருமாமல் மறந்துபோயிருந்த நெஞ்சுகள் மொத்தத் தூசையும் ஒரே நாளில் வாங்கிக்கொண்டு இருமின. கண்ணில் நீர் வழிய, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, வாசலுக்கு ஓடின. அந்த வரி போனால் மூக்கும் போகும், இதைத்தான் செய்யப்போகிறோம் என்று டீச்சருக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாள். அப்படியும், ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் இருமி இருமி அவள் காலடியில் குப்புற விழுந்தபோது, அவனைத் தூக்கி முதுகைத் தட்டிக்கொண்டே, ஐயோ, ஐயோ என்று அவளும் அழுதாள்.

ஊர் ஓடிவந்தது. வரமாட்டார்களா பின்னே? துடைப்பத்தோடு வந்தவர்களும் உண்டு. சத்துணவு சமைக்கும் மீனாம்பா, மூன்றாம் வகுப்பில் இருந்த தன் மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, டீச்சர் முகத்துக்கு நேரே வந்து, "நல்லாத்தான இருந்துச்சு எம் புள்ள! ஒத்தப் புள்ளைக்காக அத்தன புள்ளையையும் இப்புடிப் பண்ணிட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்று கேட்டாள். மாட்டேன் என்றுதான் டீச்சருக்கே தோன்றியது. மீனாம்பா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இருமும் பிள்ளையோடு நேரே சாலைக்குப் போய், வந்துகொண்டிருந்த சுண்ணாம்புக்கல் லாரிக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாய் உட்கார்ந்தார்கள். கொளஞ்சி ஓடிவந்து கும்பிட்டுப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார், கடைசியில் அவருடைய பேத்தியே இருமிக்கொண்டு வரவும் அவரும் துண்டைத் தரையில் விரித்து உட்கார்ந்தார். லாரிகள் ஆலை வாசல்வரை வரிசையாய் நின்றன. தண்ணீர் லாரி மறுநாள் காலை வந்தது, தார்ப்பாய் வர ஒரு வாரம் ஆயிற்று, கோயில் மதில் பாதியோடு நின்றது, டீச்சருக்கு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அதெல்லாம் பிற்பாடு.

அன்றைக்கு மத்தியானம் அத்தனை பேரும் சாலையில் உட்கார்ந்திருக்க, அமலோற்பவம் டீச்சர் மட்டும் பள்ளிக்கூடச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து அவளாகவே போய், கூட்டத்தின் ஓரத்தில் பிள்ளையை மார்போடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அஞ்சுகத்தின் எதிரில் நின்றாள்.

அஞ்சுகம் அண்ணாந்து பார்த்தாள். "இத மூணு மாசத்துக்கு முன்னாடி சொல்றதுக்கு என்ன?" என்றாள்.

"பயம்."

"எதுக்கு?"

"கெட்ட பேரு வந்துருமேன்னு."

அஞ்சுகம் திட்டுவாள் என்று டீச்சர் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. கனிஷ்கா கண்ணை மூடியபடி, அம்மா தோளில் தாடையை ஊன்றி, ஒவ்வொரு மூச்சாய் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"உக்காரு" என்றாள் அஞ்சுகம். இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக நீ என்று கூப்பிட்டாள். டீச்சர் தூசுக்குள் உட்கார்ந்ததும், பிள்ளையை மெல்லப் பெயர்த்து அவள் மார்பில் சாய்த்து, கையை எடுத்துப் பிள்ளையின் முதுகில் எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்தாள்.

"படுக்க வச்சா மூச்சு நின்னுரும். நிமித்தியே புடிக்கணும். மூணு மாசமா இப்புடித்தான் புடிச்சிட்டிருக்கேன், எங் கை ஓஞ்சுபோச்சு" என்றாள். "இனிமே நீ புடி."